கூட்டுறவு நகரும் மாநகராட்சியும்: கடை வைப்பவர் பார்க்க வேண்டிய பத்திரங்கள்

அடையாறு காந்தி நகரில் சரக்கு இறக்கப் போனவர்களுக்கு அந்தப் பகுதியின் அமைப்பு நன்றாகத் தெரிந்திருக்கும். முதல் மெயின் ரோடு, இரண்டாவது மெயின் ரோடு என்று எண்ணிட்ட சாலைகள். பிறை போல் வளைந்து செல்லும் கிரெசன்ட் பார்க் சாலை. மரங்கள், பூங்கா, பள்ளிக்கூடங்கள். இந்த நகரை அமைத்தது அரசாங்கம் அல்ல, மனை விற்கும் தனியாரும் அல்ல. நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், மெட்ராஸ் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக உருவாக்கிய மனைப்பிரிவு இது.

தியாகராய நகரின் கதை வேறு. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, 1923 முதல் 1925 வரையிலான காலத்தில் அரசுத் தரப்பே முன்னின்று போட்ட நகர் அது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிற்காலத்தில் 1961ல் தோன்றிய வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் ஆகியவற்றை அமைத்தது. ஆகவே ஒரே சென்னையில், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு தெருக்களுக்கு வெவ்வேறு பிறப்பு உண்டு. வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கடை வைப்பவருக்கு அப்படி அல்ல.

கூட்டுறவு என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு 1904ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமே நினைவுக்கு வரும். அது நமக்குப் போட்டியாக அரிசி பருப்பு விற்ற சங்கம். வீட்டுவசதிச் சங்கம் வேறு வகை. சேர்ந்தவர்கள் பங்குத் தொகை கட்டுகிறார்கள். சங்கம் அந்தப் பணத்தையும் கடனையும் வைத்து மொத்தமாக நிலம் வாங்குகிறது. மளிகைக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மூட்டையாக வாங்கினால் விலை இறங்கும் என்ற கணக்குத்தான். வாங்கிய நிலத்தைச் சாலை, பூங்கா, மனை என்று பிரித்து, மனைகளை உறுப்பினர்களுக்குக் கிரயம் செய்து கொடுக்கிறது. இன்று இச்சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன.

மனை விற்றுத் தீர்ந்ததும் சங்கத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் சாலை ஆண்டாண்டுக்கும் இருக்கும். தார் போடுவது யார்? விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது யார்? மழைநீர் வடிகாலைத் தூர் வாருவது யார்? ஒரு சங்கத்தால் இந்தச் செலவைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்க முடியாது. இங்கேதான் மாநகராட்சி வருகிறது. சங்கம் தன் செலவில் சாலையை விதிப்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். மாநகராட்சி அதைப் பொதுத் தெருவாக ஏற்றுப் பராமரிக்க வேண்டும். 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்திலேயே தனியார் தெருவைப் பொதுத் தெருவாக அறிவிக்க வழி இருந்தது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன்பின் சி.எம்.டி.ஏ.வும் வந்த பிறகு முறை இன்னும் இறுக்கமாகிவிட்டது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகே, அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம் கைக்கு வரும்.

குடிநீரும் கழிவுநீரும் மட்டும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாகப் பிரிந்து குடிநீர் வாரியத்திடம் போய்விட்டன. கடை வாசலில் கழிவுநீர் பொங்கினால் மாநகராட்சி அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு; நாள்தான் வீணாகும்.

பூங்காவுக்கு எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கி இலவசமாகத் தானம் செய்ய வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இருந்தால், இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்ட இடமுண்டு. ஈடு ஏதும் தராமல் நிலத்தை எடுத்துக்கொள்வது நியாயமா என்ற கேள்வி நீண்ட காலம் நீதிமன்றங்களில் இருந்தது. சென்னையைச் சேர்ந்த வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் பார்வையில் இது வணிகருக்கு நன்மையான தீர்ப்பே. எது பொது இடம், எது விற்கக்கூடிய இடம் என்ற குழப்பம் அந்த அளவுக்குக் குறைந்தது.

இனி கடைக்காரர் பணம் போடும் இடத்துக்கு வருவோம். ஒரு கூட்டுறவு மனைப்பிரிவின் வரைபடத்தை விரித்தால் வீட்டு மனைகள் தவிர வேறு சில இடங்களும் தென்படும். பூங்கா, விளையாட்டுத் திடல் என்று குறித்த இடம் ஒன்று. கடை, பள்ளி, பொது உபயோகம் என்று குறித்த இடம் இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான வம்புகளுக்குக் காரணம். பூங்கா இடம் தானமாகக் கொடுத்தாகிவிட்டது. அது மாநகராட்சியினுடையது, அதுவும் பூங்காவாக மட்டுமே இருக்க. கடைக்கென்று குறித்த மனை அப்படி அல்ல. தானம் செய்யப்படாதவரை அது சங்கத்தின் சொத்து. சங்கம் முறைப்படி தீர்மானம் போட்டு, கூட்டுறவுத் துறை விதிகளுக்கு உட்பட்டு விற்கலாம், வாடகைக்கு விடலாம்.

'பூங்கா மூலையில் பத்துக்குப் பத்து இடம் இருக்கிறது, சங்கத் தீர்மானமும் இருக்கிறது, அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள்' என்று யாராவது வந்தால், அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. தன்னிடம் இல்லாததைச் சங்கம் எப்படி வாடகைக்கு விட முடியும்? மாநகராட்சியே விட்டாலும் நிற்காது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, 1991ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் மளிகைக் கடைக்குக் கேட்பானேன்! கொடுத்த அட்வான்ஸும், அடித்த ரேக்குகளும், ஏற்றிய சரக்கும் இடிக்க வரும் நாளில் நம் தலையில்தான் விழும்.

வீட்டு மனையின் முன்பகுதியைக் கடையாக்கி வாடகைக்குத் தருவது இன்னொரு வகை. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இதுதான் அதிகம். இதில் இரண்டு தடைகள் வரலாம். முதலாவது நகரமைப்பு விதி: குடியிருப்பு வட்டாரத்தில் எந்தக் கடை, எவ்வளவு பரப்பு என்பதற்கு வரம்பு உண்டு. இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. சங்கம் முதல் உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தில், 'குடியிருப்புக்கு மட்டும்' என்று நிபந்தனை இருக்கலாம். வீடு நாலு கை மாறியிருக்கும். பிந்தைய பத்திரங்களில் அந்த வரி விடுபட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மனஸ்தாபத்தில் வழக்குப் போடும்போதுதான் அந்தப் பழைய பத்திரம் வெளியே வரும். ஆகவே வாடகை ஒப்பந்தம் போடுமுன் வீட்டுக்காரரிடம் தாய்ப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

தெருவுக்கு கேட் போடும் விஷயத்தில் நம் உறுப்பினர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் அடிக்கடி உரசல் வருகிறது. விடியற்காலையில் பால் வண்டியும் காய்கறி வண்டியும் வரும் நேரத்தில் கேட் பூட்டியிருக்கும். சாலை மாநகராட்சிக்குத் தானமாகி, பொதுத் தெருவாக இருந்தால், யாரும் தம் விருப்பத்துக்கு அதை அடைக்க முடியாது. மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தானம் ஆகாத தெருவாக இருந்தால் நம் வாதம் பலவீனமாகிவிடும். அதே சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. பொதுத் தெருவின் நடைபாதையில் படி கட்டுவதும், எண்ணெய் டின்களை அடுக்குவதும், விளம்பரப் பலகை நிறுத்துவதும் ஆக்கிரமிப்பே. கேட்டை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்கப் போகிறவர், முதலில் தன் வாசலைப் பார்த்துக்கொண்டு போவது உத்தமம்.

உண்மையில் குடியிருப்போரோடு பேசித் தீர்ப்பதே நமக்கு மலிவு. அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். லாரி வரும் நேரத்தை ஒழுங்கு செய்துகொள்வது, அட்டைப் பெட்டிகளைத் தெருவில் எறியாமல் மாநகராட்சி வண்டிக்குச் சேர்த்துக் கொடுப்பது, இந்த இரண்டைச் செய்தாலே பாதி சண்டை அடங்கிவிடும்.

பத்திரங்களை எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அங்கீகரித்த வரைபடம் சி.எம்.டி.ஏ.விலும் மாநகராட்சியிலும் இருக்கும். தானப் பத்திரம் பதிவானதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றில் காணலாம். பழைய பதிவு கணினியில் கிடைக்காவிட்டால், கையால் எழுதிய புத்தகங்களில் தேடித் தரும்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். சங்கம் செயலிழந்திருந்தால், வீட்டுவசதிச் சங்கங்களுக்கான கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். எங்கும் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனைப்பிரிவு எண்ணையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு, 'இந்தத் தெரு மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்தப் பத்திர எண்ணில்?' என்று கேட்டு மனு போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அந்த 30 நாளும் அட்வான்ஸ் தொகை நம் பெட்டியிலேயே இருக்கட்டும்.