பெருநாள் பலகாரத் தட்டு: உங்கள் உழைப்புக்கும் விலை போடுங்கள்

பெருநாள் காலையில் பலகாரத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அயல் வீடுகளுக்குப் போவது எமது ஊர்களில் காலாகாலமாக இருந்துவரும் வழக்கம். வட்டிலப்பம், தொதல், மஸ்கட் எல்லாம் அந்தத் தட்டில் இருக்கும். அடுத்த வீட்டுச் சிங்கள, தமிழ்க் குடும்பங்களுக்கும் அது போய்ச் சேரும். இப்போது அதே தட்டைப் பணம் கொடுத்து வாங்குவோரும் இருக்கின்றனர். தொழிலுக்குப் போகும் பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரம் போதாது. அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்கவும் தட்டுகள் தேவைப்படுகின்றன. எனவே, கைப்பக்குவம் உள்ள சகோதரிகள் பெருநாள் காலத்தில் வீட்டிலிருந்தபடியே நாலு காசு உழைக்க இது நல்ல வழி.

ஆனால், இரவு பகலாக அடுப்படியில் நின்றுவிட்டு, பெருநாள் முடிந்து காசை எண்ணும்போது "கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே" என்று கவலைப்படுவோரும் உண்டு. பலகாரத்தில் குறையிருக்காது. பெரும்பாலும் விலை போட்ட விதத்தில்தான் பிழை இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. உங்கள் ஊர் விலைகளை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு சகோதரி 20 தட்டுகளுக்கு ஓடர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மா, சீனி, முட்டை, பட்டர், கித்துள் கருப்பட்டி, தேங்காய், கஜு என்று சாமான்களுக்கு 26,000 ரூபா செலவாகிறது. அதாவது, ஒரு தட்டுக்கு 1,300 ரூபா. பக்கத்துத் தெருவில் 1,900 ரூபாவுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரும் அதே விலையைச் சொல்லிவிடுகிறார். தட்டுக்கு 600 ரூபா, 20 தட்டுக்கு 12,000 ரூபா இலாபம் என்பது அவருடைய மனக்கணக்கு.

அவர் மறந்த செலவுகள் இவை. தட்டு, சிறிய கப், மூடும் பொலித்தீன், ரிபன், ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு ஒரு தட்டுக்கு 350 ரூபா. காஸ், மின்சாரம் 100 ரூபா. உடைந்த கொக்கிஸ், அடிப்பிடித்த மஸ்கட் போன்ற சேதாரத்துக்கு, சாமான் செலவில் நூற்றுக்கு 5 வீதம் என்று பார்த்தால் 65 ரூபா. எல்லாம் சேர்ந்து ஒரு தட்டின் செலவு 1,815 ரூபா. மிஞ்சுவது 85 ரூபா மாத்திரமே. 20 தட்டுக்கும் 1,700 ரூபா.

இந்த 20 தட்டுகளுக்காக அவரும் மகளும் உழைத்த நேரம் மொத்தம் 40 மணித்தியாலங்கள் என்றால், அவர்களுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 42 ரூபா 50 சதம். வேறொருவர் அந்தக் கூலிக்கு வேலைக்குக் கூப்பிட்டால் அவர் போவாரா?

சரியான கணக்கு எப்படி இருக்க வேண்டும்? மணிக்கு 250 ரூபா கூலி என்று வைத்தால் 40 மணித்தியாலத்துக்கு 10,000 ரூபா. ஒரு தட்டுக்கு 500 ரூபா. அதையும் சேர்த்தால் அடக்க விலை 2,315 ரூபா. அதன் மேல் 15 வீத இலாபம் வைத்தால் ஏறக்குறைய 2,660 ரூபா. 2,700 என்று விலை சொல்லலாம். கூலி வேறு, இலாபம் வேறு. கூலி உங்கள் கைக்குரியது. இலாபம் அடுத்த பெருநாளைக்குப் பாத்திரம் வாங்கவும் சாமான் விலை ஏறினால் தாக்குப்பிடிக்கவும் உதவும்.

விலை கூடிப்போனால்?

"2,700 ரூபாவுக்கு எங்கள் ஊரில் யார் வாங்குவார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியானால் கூலியை வெட்டாமல் தட்டைச் சிறிதாக்குங்கள். ஏழு வகை வைத்த இடத்தில் ஐந்து வகை போதும். கஜுவைக் குறைக்கலாம். பெரிய தட்டு, சிறிய தட்டு என இரண்டு விலையில் வைத்தால் வாங்குபவர் தன் வசதிக்கேற்பத் தெரிவு செய்வார்.

எந்தப் பலகாரம் அதிக நேரத்தை விழுங்குகிறது என்றும் பாருங்கள். தொதல் கிண்டுவது பல மணி நேர வேலை. நன்றாகத் தொதல் கிண்டும் ஒருவரிடம் மொத்தமாக வாங்கி வெட்டி வைப்பது இலாபமாக அமையலாம். அதனை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிறையும் வட்டிலப்பமும்

தட்டில் எதை வைப்பது என்பதை ருசி மட்டும் தீர்மானிப்பதில்லை. பலகாரம் எத்தனை நாள் தாங்கும் என்பதும் முக்கியம். நன்றாக வற்றக் கிண்டிய தொதலை முதலில் செய்துவிடலாம். அடுத்து பிஸ்கட், மஸ்கட். கொக்கிஸைச் சுட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போட வேண்டும். கேக்கை முதல் நாள் செய்யலாம். ஈரமான பலகாரத்தை மொறுமொறுப்பானதோடு ஒட்டி வைத்தால் இரண்டும் கெடும். தனித்தனிக் கப்பில் வையுங்கள்.

வட்டிலப்பம்தான் சிக்கலானது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்வதால் வெளியில் வைத்தால் விரைவில் பழுதாகும். நோன்புப் பெருநாளோ 29இலா 30இலா என்பது, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறை மாநாட்டின் அறிவிப்பு வரும்வரை தெரியாது. 29 என்று நம்பி அவித்து வைத்து, பிறை தென்படாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் தேட வேண்டியதுதான். எனவே, அறிவிப்பு வந்த பின் அந்த ஓர் இரவில் உங்கள் சட்டியில் எத்தனை கப் அவிக்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் ஓடர் எடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் இலகுவானது. துல்ஹஜ் பிறை தெரிந்ததும் பெருநாள் என்றைக்கு என்பது முடிவாகிவிடும். ஒரு கிழமைக்கும் மேல் அவகாசம் கிடைக்கும்.

முற்பணமும் சொந்தக்காரரும்

ஓடர் எடுக்கும்போதே பாதிப் பணத்தை வாங்கிவிடுங்கள். சாமான் வாங்கக் கடன்பட வேண்டி வராது. சொன்ன விலை எத்தனையாம் திகதி வரை செல்லும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. விலையை முன்கூட்டியே சொல்லி மாட்டிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது போதும்.

அடுத்தது சொந்தக்காரர். "என்ன ராத்தா, நம்ம ஆக்களுக்கும் அதே விலையா?" என்று கேட்டால் முகத்தை முறிக்க முடியாது. பத்துப் பேருக்கு 300 ரூபா வீதம் குறைத்தால் 3,000 ரூபா போய்விடும். அதற்குப் பதிலாக, மாமிக்கோ மச்சிக்கோ ஒரு தட்டை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். கொடுத்தவருக்கும் சந்தோசம், வாங்கியவருக்கும் சந்தோசம். மற்றவர்களுக்கு ஒரே விலை.

தட்டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் பலகாரங்களின் பெயர், நிறை, செய்த திகதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். கஜு, முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பதால் அவற்றையும் குறிப்பிடுங்கள். நிரந்தரமாகச் செய்ய நினைப்பவர்கள், தமது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது பற்றியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சமையலறை பற்றியும் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

இந்தப் பெருநாளைக்கு அடுப்பை மூட்டுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு பக்கத்தில் செலவை எழுதுங்கள். மறுபக்கத்தில் நீங்களும் பிள்ளைகளும் வேலை செய்த மணித்தியாலங்களை எழுதுங்கள். பெருநாள் முடிந்த பின் அந்தக் கொப்பியை விரித்துப் பார்த்தால், அடுத்த முறை என்ன விலை சொல்ல வேண்டும் என்பதை அடுத்த தெருவில் விசாரிக்க வேண்டியிருக்காது.