உப்புக்காற்றோடு மல்லுக்கட்டு

வேதாரண்யத்தில் வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்றுதான். போன வாரம் ஒரு வீட்டில் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தேன். செம்புக் கம்பியின் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. அந்த இடத்தில் கரண்ட் சரியாகப் பாயாது; ஜாயின்ட் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். இரும்புத் திருகு வேண்டாம், பித்தளை போடலாம் என்றால், "அது எதுக்குண்ணே வீண் செலவு?" என்பார்கள். துரு என் கமிஷன் ஏஜென்ட் என்று நினைப்பு!

2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துப்போட்டது. கரண்ட் வந்த பிறகும் நனைந்த போர்டுகளைக் கழற்றிக் காயவைப்பதே வேலையாக இருந்தது.

உங்கள் வீட்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டு அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதன் டெஸ்ட் பட்டனை இன்றே அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.