சூரியன் வராத தைப்பொங்கல்! நார்வேயின் வடகோடியில் தமிழர்கள் பழகிய குளிர்காலம்

தை முதல் நாள். காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூரில் காலை ஆறரை மணியைத் தாண்டியதும் கிழக்கே சூரியன் எழுந்துவிடும். அதற்குள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, அடுப்பு மூட்டியிருப்பார்கள். புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து, பக்கத்தில் கரும்பு. பால் பொங்கி வழியும்போது குடும்பமே கிழக்கு நோக்கிக் கும்பிடும். பொங்கல் என்பதே சூரியனுக்குச் சொல்லும் நன்றிதானே!

ஆனால், அன்று முழுக்க சூரியன் எட்டியே பார்க்காத ஊர்களிலும் தமிழர்கள் பொங்கல் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்கள் இருப்பது நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில். அவற்றில் ஒன்றுதான் வார்டோ.

எங்கே இருக்கிறது வார்டோ?

புள்ளலூர் இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி. வார்டோ 70 டிகிரியையும் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருக்கிறது. நார்வேயின் கிழக்குக் கோடி நகரமும் இதுதான். தீவில் அமைந்த இந்த ஊரை 1982-ல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கச் சாலை பெருநிலத்தோடு இணைக்கிறது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளமுள்ள அதுதான் நார்வேயின் முதல் கடலடிச் சுரங்கச் சாலை.

இவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் இந்தக் கரை வரை வருவதே காரணம். அதனால்தான் நடுக்குளிர்காலத்திலும் படகுகள் கடலுக்குப் போகின்றன.

இரண்டு மாத இரவு

நவம்பர் கடைசி வாரம் தொடங்கும்போது அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், ஜனவரி 20 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். அதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலையொட்டி சில மணி நேரம் வானத்தில் நீல வெளிச்சம் பரவும். பனியும் கடலும் வீட்டுச் சுவர்களும் அந்த நீலத்தில் தோய்ந்து நிற்கும். பிறகு மீண்டும் இருட்டு.

அந்த இருட்டிலும் வாழ்க்கை நிற்பதில்லை. பள்ளி, அலுவலகம், மீன் ஆலை எல்லாம் வழக்கம்போல இயங்குகின்றன. வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று, நடந்து போகிறவர்கள் சட்டையில் ஒளி பட்டால் மின்னும் பட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். வழுக்காமல் இருக்க காலணிக்கு அடியில் முள் பட்டை. வெயில் இல்லாததால் வைட்டமின் டி குறையும் என்பதால் தினமும் ஒரு கரண்டி மீன் எண்ணெய். பெயரில் 'ர்' வரும் மாதங்களில் எல்லாம், அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது நார்வே வீடுகளின் பழைய கணக்கு. நம்மூர் பாட்டிகள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு துரத்தியது போலத்தான்!

பனிப்புயல் அடித்தால் மலைச்சாலைகளை மூடிவிடுவார்கள். கொஞ்சம் தணிந்ததும் பனி அகற்றும் வண்டி முன்னே போக, மற்ற வாகனங்கள் வரிசை கட்டி அதன் பின்னால் போக வேண்டும். வரிசையைத் தவறவிட்டால் அடுத்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மீன் ஆலைக்குப் போன யாழ்ப்பாணம்

நார்வேக்கும் ஈழத்தமிழர்களுக்கும் முதல் கண்ணியே மீன்தான். 1956-ல் நார்வேக்குப் போன ஆன்டனி ராஜேந்திரம் அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார். பின்னர் நார்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் 'சீ-நோர்' என்ற மீன்பிடித் திட்டத்தை உருவாக்கினார். அவரைத் தொடர்ந்து இளைஞர்கள் ஒவ்வொருவராக நார்வேக்குப் போகத் தொடங்கினார்கள். 1975-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நார்வே கதவை மூடிய பிறகு, பலர் மாணவர்களாகப் போனார்கள். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத, விடுதியோடு கூடிய 'மக்கள் உயர்பள்ளிகள்' அவர்களுக்கு இடம் கொடுத்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்கப் போனவர்களின் எண்ணிக்கை கூடியது.

அதே காலத்தில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. உள்ளூர் இளைஞர்கள் தெற்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைத் தமிழர்கள் நிரப்பினார்கள். வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊர்களில், பனை மரங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் ஒரு மரம்கூட இல்லாத கரையில் நின்று காட் மீனைத் துண்டு போட்டார்கள். மரத்துப்போகும் விரல்கள், நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனால், மாதம் தவறாமல் சம்பளம். ஊரிலிருந்த குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தப் பணம்.

கருவாடு தெரிந்தவர்களுக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நம்மூரில் உப்பும் வெயிலும் இல்லாமல் கருவாடு கிடையாது. வட நார்வேயில் இரண்டும் இல்லாமலே காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். குளிர்காற்றே மீனைக் கட்டைபோல உலர்த்திவிடுகிறது!

கிறிஸ்துமஸில் ஒரு பால் பொங்கல்

இருட்டின் நடுவில்தான் அந்த ஊரின் பெரிய பண்டிகை வருகிறது. டிசம்பர் பிறந்தால் ஜன்னல்தோறும் காகித நட்சத்திரமும் மெழுகுவத்தி வடிவ விளக்கும் ஏறிவிடும். கார்த்திகை தீபம் மாதம் முழுக்க நீடிப்பது போல இருக்கும். டிசம்பர் 13 புனித லூசியா நாள். வெள்ளை அங்கி அணிந்த குழந்தைகள் கையில் விளக்கோடு பாடிக்கொண்டு வருவார்கள். குங்குமப்பூ சேர்த்த பன் கொடுப்பார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடுகளில் பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சி செய்கிறார்கள். மேலே வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள். பாத்திரத்துக்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவைப்பார்கள். அது யார் தட்டில் வருகிறதோ, அவருக்குப் பாதாம் மாவில் செய்த பன்றி பொம்மை மிட்டாய் பரிசு. மாட்டுத் தொழுவத்தைக் காக்கும் சிவப்புத் தொப்பிக் குட்டிச்சாமிக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வைப்பது பழைய வழக்கம். வைக்க மறந்தால் குறும்பு செய்துவிடுமாம்! நெல் விளையாத நாட்டிலும் பண்டிகை என்றால் பால்சோறுதான். தொழுவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கட்டைவிரல் அகலத்தில் சூரியன்

ஜனவரி 13 வாக்கில் கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்துவிடுவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தைப்பொங்கல். ஆனால், காலண்டரில் அது வெறும் வேலைநாள். பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. பெற்றோருக்கு ஆலை உண்டு. கரும்பும் மஞ்சள் கொத்தும் வார்டோவின் கடைகளில் தேடிக் கிடைக்கும் பொருள்கள் அல்ல. வெளியே பனி, பானை ஏற வேண்டியது சமையலறை மின் அடுப்பில்.

சரி, பொங்கும்போது எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது?

அன்று வார்டோவில் வானம் அதிகமாக வெளுப்பது காலை 11 மணி வாக்கில். புள்ளலூரில் அப்போது மாலை மூன்றரை மணி. அந்த நேரத்தில் சூரியன் தெற்கு அடிவானத்துக்குக் கீழே இரண்டு டிகிரிக்கும் குறைவான ஆழத்தில் இருக்கும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால், அந்த விரல் மறைக்கும் அகலம்தான் இரண்டு டிகிரி. மேகமில்லாவிட்டால் தெற்கே ஆரஞ்சும் ரோஜா நிறமுமாக ஒரு கீற்று தெரியும். சூரியன் இல்லாமல் போகவில்லை. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே நிற்கிறது, அவ்வளவுதான்.

பீரங்கி முழங்கினால் லீவு!

பொங்கல் முடிந்து ஓரிரு வாரத்துக்குள் ஊரே காத்திருக்கும் நாள் வரும். வார்டோவில் பழைமையான கோட்டை ஒன்று உண்டு. சூரியனின் முழு வட்டமும் அந்தக் கோட்டையிலிருந்து தெரியும் நாளில் பீரங்கி முழங்கும். பள்ளிக் குழந்தைகளுக்கு அன்று விடுமுறை! தேதியை அரசாங்கம் முன்கூட்டி அறிவிப்பதில்லை. மேகம் மறைத்தால் மறுநாள் பார்க்க வேண்டும். வட நார்வே முழுக்க, சூரியன் திரும்பும் நாளில் 'சூரிய பன்' என்று ஓர் இனிப்பு பன் சாப்பிடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பொங்கல்தான். சூரியனுக்காக ஒரு நாள், ஓர் இனிப்பு, பள்ளிக்கு லீவு. அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தை மாதத்தில் இரண்டு சூரியத் திருநாள்!

பிப்ரவரி, மார்ச் வாக்கில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை. பனிச்சறுக்கு, பனி ஸ்கூட்டர், உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் என்று வீட்டுக்குள் இருப்பவர்களே குறைவு. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை கதை தலைகீழ். நள்ளிரவிலும் சூரியன் மறையாது.

தங்கியவர்களும் கிளம்பியவர்களும்

ஃபின்மார்க்கில் ஆட்களைத் தக்கவைக்க, 1990 முதல் வருமான வரியில் சலுகையும் கல்விக் கடனில் தள்ளுபடியும் தருகிறது நார்வே அரசு. அப்படியும் வார்டோவின் மக்கள்தொகை 1960-களில் இருந்ததில் பாதியாகி, இப்போது சுமார் 2,000. மீன் ஆலைகள் நொடித்தபோது தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தேடித் தெற்கே ஒஸ்லோ பக்கம் நகர்ந்தன. ஒஸ்லோவிலும் பொங்கலன்று குளிர்தான். ஆனால், அங்கே சூரியன் வரும்.

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று புள்ளலூரில் சொன்னால் அன்று காலையே வெயில் முற்றத்தில் விழுந்துவிடும். வார்டோவில் அந்த வழி பிறக்க இன்னும் ஆறேழு நாள் ஆகும். அதுவரை நம்பிக்கையில் பொங்க வேண்டும். வரும் என்று தெரிந்த சூரியனுக்கு, வருவதற்கு முன்பே நன்றி சொல்லப் பழகிக்கொண்டவர்கள் அந்தத் தமிழர்கள்.