கூரையில் மிதக்கும் ‘மேகங்கள்’: கராகஸ் பல்கலைக்கழக அரங்கின் ஒலி நுட்பம்

வெனிசுலா தலைநகர் கராகஸில் உள்ள வெனிசுலா மத்தியப் பல்கலைக்கழகத்தின் ‘ஆலா மாக்னா’ அரங்கில், கூரையிலும் பக்கச் சுவர்களிலும் 31 வண்ணப் பலகைகள் மிதப்பதுபோல் காட்சியளிக்கின்றன. ‘மேகங்கள்’ என்று அழைக்கப்படும் இவை கலைப்படைப்பாகவும் ஒலிக் கருவியாகவும் ஒருசேரப் பயன்படுகின்றன.

கட்டடக் கலைஞர் கார்லோஸ் ரவுல் வில்லனுவேவா வடிவமைத்த இந்த அரங்கின் கட்டுமானம் 1953ஆம் ஆண்டு நிறைவடைந்தது. விசிறி வடிவிலான இருக்கைப் பகுதியில் சுமார் 2,700 பேர் அமரலாம். பட்டமளிப்பு விழாக்களும் இசை நிகழ்ச்சிகளும் மாநாடுகளும் இங்கு நடைபெறுகின்றன.

வளைந்த பரப்புகள் ஒலியைச் சில இடங்களில் மட்டும் குவிக்கும் தன்மை கொண்டவை. அதனால் பிற இருக்கைகளில் பேச்சும் இசையும் தெளிவிழக்கக்கூடும். இதற்குத் தீர்வாக, ஒலியைப் பிரதிபலித்துப் பரப்பும் பலகைகள் தேவைப்பட்டன. பல்கலைக்கழக வளாகத்தில் வேறோர் இடத்துக்காகச் சிற்பம் வடிவமைக்கவிருந்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், தமது படைப்பை அரங்கினுள் அமைக்க இசைந்தார். ஒலியியல் வல்லுநர் ராபர்ட் நியூமனின் ஆலோசனையுடன் பலகைகளின் அமைப்பு முடிவு செய்யப்பட்டது.

இந்தப் பல்கலைக்கழக வளாகத்தை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனினும், 2020ஆம் ஆண்டு வளாக நடைபாதைக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, பராமரிப்பின் அவசியத்தை உணர்த்தியது. அரங்கைப் பொறுத்தவரை இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஒரு ‘மேகம்’ சிதைந்தால் கால்டரின் படைப்பு குறைபடுவதுடன், மேடையிலிருந்து பார்வையாளரைச் சென்றடையும் ஒலியின் பாதையும் மாறிவிடும்.