தாவீது குடியாத தண்ணீர்: மின்சக்தியின் விலையைக் குறித்து

அனல் மின்நிலையங்களைக் கைவிட்டுக் காற்றையும் சூரியனையும் நம்பலாமா என்னும் கேள்வி, பொறியாளருக்கும் அரசுக்கும் மட்டுமே உரியதெனப் பெரும்பாலும் எண்ணப்படுகிறது. போதகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பது பொறியாளரின் கணக்கு. அந்த ரூபாயில் அடங்காத விலையைச் செலுத்துவோர் யாவர் என்பது நீதியின் கணக்கு. அதைக் கேட்கும் கடமை திருச்சபைக்கு உண்டு.

2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒளிதரும் நிகழ்ச்சி ஒன்று உள்ளது. அரணான இடத்தில் தங்கியிருந்த தாவீது, பெத்லெகேம் ஊர்வாசலருகே உள்ள கிணற்றின் தண்ணீரை விரும்பினான். மூன்று வீரர் பெலிஸ்தரின் பாளயத்தை ஊடுருவிச் சென்று அதை மொண்டுவந்தனர். அவனோ அதைக் குடிக்க மனமற்றவனாய்க் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். தண்ணீர் தீயதன்று, தாகமும் பாவமன்று. ஆயினும் தன் தாகத்திற்குப் பிறர் தம் உயிரையே பணயம் வைத்ததை அவன் கண்டுகொண்டான். இக்கண்ணோட்டத்தோடு மின்சக்தியின் வகைகளை நாம் சீர்தூக்கிப் பார்ப்போம்.

1. கிணற்றடியில் எரியும் நிலக்கரி

கொல்லிமலையை அடுத்த எருமப்பட்டி வட்டாரம் மழையையும் கிணற்றையும் நம்பிய பூமி. மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய், இன்று ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் செலவாகும். அதை அனல் நிலையம் தருவதாயின், யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வீதம் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்களவு சாம்பல் என்பதால், ஒரு கிலோவை ஒட்டிய சாம்பல் மிஞ்சும். 4 கிலோவை நெருங்கும் கரியமில வாயு வானில் கலக்கும்.

1990 முதல் தமிழ்நாட்டு உழவர்க்கு மின்சாரம் இலவசமாக அளிக்கப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அது அவர்களைத் தாங்கிய கை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் இல்லாதது விலையும் இல்லாததாகிவிடாது. ஒடிசாவில் சுரங்கத்திற்கு நிலம் கொடுத்தவரும், சாம்பல் குட்டையருகே குடியிருப்பவரும், வெப்பமேறும் உலகில் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அவ்விலையைச் செலுத்துகின்றனர். அவர்கள் எவரும் எருமப்பட்டியின் தண்ணீரைக் குடிப்பவரல்லர்.

2. மேட்டூர் தரும் பாடம்

இவ்வாராய்ச்சிக்கு நம் பகுதியிலேயே மேட்டூர் ஒரு திறந்த புத்தகமாயிருக்கிறது. 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையில் நீர்மின்சாரம் எடுக்கப்படுகிறது. அணை நிலையமும் சுரங்க நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் திறன் கொண்டவை. அதே ஊரில் அனல் நிலையமும் உண்டு. 210 மெகாவாட் அலகுகள் நான்கும், பின்னர் 2013இல் உற்பத்தி தொடங்கிய 600 மெகாவாட் அலகும் சேர்ந்து அதன் திறன் 1,440 மெகாவாட்.

நீர்மின்சாரத்தில் புகையில்லை, சாம்பலில்லை. ஆற்றில் நீர் குறைந்தாலோ மின்உற்பத்தியும் குன்றும். அனல் நிலையம் கோடையிலும் இரவிலும் ஓடும். ஆகவே நம்பகம் என்ற அளவில் நிலக்கரி வென்றது.

எனினும் புதுப்பிக்கத்தக்க சக்தி குற்றமற்றது என்று சொல்லிவிடலாகாது. மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்தி சிலையும், கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் கோபுரமும் நீருக்கு மேலே தலைகாட்டும். அங்கே ஊர்கள் இருந்தன. மணியோசை கேட்டு ஆராதனைக்குக் கூடிய சபையும் இருந்தது. காவிரிப் பாசனமும் மின்விளக்கும் பெற்ற நாம், அவர்கள் விட்டுப்போன வீடுகளின் மேல் தேங்கிய நீரிலிருந்தே அவற்றைப் பெற்றோம்.

3. காற்றும் வெயிலும்

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிற இடங்களிலும் பெருகி, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டிற்கு மேற்பட்ட திறனாக வளர்ந்துள்ளது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. 2017 முதல் நாட்டின் ஏலங்கள் பலவற்றில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கும் குறைவாகக் கேட்கப்பட்டது. புதிய அனல் நிலையங்கள் இவ்விலைக்கு ஈடுகொடுப்பது அரிது.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. காற்று பெரும்பாலும் வைகாசி முதல் புரட்டாசி வரையே வலுத்து வீசும். வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். ஒரு மெகாவாட் சூரியத் தகடுகளுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். கமுதி நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் ஆடு மேய்ப்பவனுக்குத் தரிசன்று. பகலின் உபரியைச் சேமிக்க வழியும் வேண்டும். இரவில் தேவை குறைந்தபோது நீரை மேலேற்றி, தேவையான வேளையில் இறக்கி மின்சாரமாக்கும் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் இதற்கு நாட்டிலேயே மூத்த முன்மாதிரிகளுள் ஒன்று. இத்தகையவையும் மின்கலங்களும் பெருகும்வரை அனல் நிலையங்களை ஒரேநாளில் மூடிவிட இயலாது.

சூரிய மோட்டாரிலும் ஒரு சோதனை மறைந்திருக்கிறது. வெயிலுக்குக் கட்டணமில்லை என்று பகல் முழுதும் இறைத்தால், நிலத்தடி நீர் இன்னும் ஆழத்திற்குப் போகும். நீர் அளவுள்ள செல்வம். அதைக் காக்கச் சூரியத் தகடு கற்றுத் தராது.

4. நம் முடிவு

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கையில், துலாக்கோல் காற்று, சூரியன் பக்கமே சாய்கிறது என்பது நம் துணிபு. அவற்றின் தீங்குகள் பெரும்பாலும் இடம் தெரிந்தெடுப்பதிலும் பங்கீட்டிலும் தங்கியவை. நாம் மனந்திரும்பினால் திருத்தக்கூடியவை. நிலக்கரியின் தீங்கோ அதன் எரிதலிலேயே அடங்கியுள்ளது. ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை (ஆதியாகமம் 2:15) பயிரிடுவதோடு காப்பதையும் சேர்த்தே சொல்லுகிறது.

ஆனால் மூலத்தை மாற்றியதால் மட்டும் நீதி வந்துவிடாது. நாமக்கல் வட்டாரத்தின் நீண்ட கோழிப்பண்ணைக் கூரைகளும், பள்ளி, ஆலயக் கூரைகளும் எவர் நிலத்தையும் பறியாமலே தகடுகளைத் தாங்கக்கூடும். அங்கேயே தொடங்குவது நலம். ஆலயத்தின் மின்கட்டணச் சீட்டைச் சபைக்கூட்டத்தில் வைத்து, எது தேவை, எது ஆடம்பரம் என்று போதகர் கேட்கலாம். நிலம் எடுக்கப்படும் ஊர்களில் குரலற்றோர் பக்கம் நிற்கலாம். நிலக்கரித் தொழிலாளரின் பிழைப்பு இம்மாற்றத்தில் மறக்கப்படாதிருக்க வாதாடலாம்.

தாவீது தாகத்தை மறுக்கவில்லை. விலையைக் காண மறுக்காதிருந்தான். விளக்கின் சுவிட்சைத் தொடும்போதெல்லாம் அவ்விதமாய்க் காணும் கண்களைச் சபையாருக்குப் பெற்றுத்தருவது, இக்காலத்து மேய்ப்பரின் ஊழியங்களில் ஒன்று.