மழைக்காலத்தில் மின்சாரக் காருக்கு வீட்டில் மின்னேற்றம்

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கோலார் தங்கவயலை வந்தடைந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு. அன்றைய உலகின் மிக நீண்ட மின்கடத்துப் பாதைகளுள் ஒன்று. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சேஷாத்ரி ஐயரின் காலத்தில் உருவான இத்திட்டத்தின் நோக்கம் வீடுகளில் விளக்கேற்றுவது அன்று. தங்கச் சுரங்கங்களின் இயந்திரங்களை இயக்குவதே. பெங்களூர் நகரமே மின்விளக்கைக் காண 1905 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதே ஆண்டில் பெங்களூரில் 'ரேவா' என்னும் சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகி மின்னேற்றிக் கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. அன்று அது ஒரு புதுமைப் பொருளாகவே கருதப்பட்டது. இன்று நிலைமை வேறு. சுரங்க வேலை போன பிறகு, தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் பல்லாயிரவர். பெரும்பாலோர் ரயிலில் செல்கின்றனர். மின்சாரக் காரில் செல்பவருக்கோ, போய்வர 200 கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஒவ்வோர் இரவும் மின்னேற்றியே ஆகவேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு முழுவதும் மழை பெய்தாலும் அவர் அதைத் தள்ளிப்போட இயலாது.

ஆகவே, மழையில் மின்னேற்றலாமா என்ற கேள்வி எழுகிறது. ஏற்றலாம் என்பதே விடை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மக்களிடையே நிலவும் எண்ணம் பெரும்பாலும் திசை மாறியதாக உள்ளது. காரில் செருகும் கைப்பிடியைக் கண்டு அஞ்சுகின்றனர்; சுவரிலுள்ள பிளக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கைப்பிடியில் உள்ள காவல்

பேச்சு வழக்கில் 'கன்' எனப்படும் மின்னேற்றக் கைப்பிடியைக் கையில் எடுக்கும்போது அதன் முனைகளில் 230 வோல்ட் இராது. அதில் 'பைலட்' எனப்படும் தனிக் கம்பி ஒன்று உண்டு. அதன் வழியே 12 வோல்ட் அளவில் ஒரு சிறு சமிக்ஞை காருக்குச் சென்று, நில இணைப்புக் கம்பி வழியே திரும்புகிறது. கைப்பிடி காரில் முழுமையாகப் பொருந்தியபின் இந்தச் சமிக்ஞை 9 வோல்ட்டாகவும், கார் மின்சாரத்தை ஏற்கத் தயாரானதும் 6 வோல்ட்டாகவும் இறங்குகிறது. அதன் பின்னரே உள்ளிருக்கும் தொடர்பி மூடி மின்சாரத்தை அனுப்புகிறது. கைப்பிடியைப் பிடுங்கினாலும், நில இணைப்புக் கம்பி அறுந்தாலும், சமிக்ஞை திரும்பும் வழி இல்லாமல் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும். சுரங்கத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. நகரும் இயந்திரங்களுக்குச் செல்லும் வளைகம்பி வடங்களில், நிலத்தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று இடைவிடாது கண்காணிக்கும் பைலட் கம்பியைச் சுரங்கப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

மின் கருவிகளின் நீர்க்காப்பு 'ஐ.பி.' என்னும் இரண்டிலக்கக் குறியால் குறிக்கப்படுகிறது. இரண்டாம் இலக்கமே நீரைப் பற்றியது. 4 என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினும் தாங்கும். காரின் மின்கல அடுக்கு வழக்கமாக 67 என்னும் தரத்திலும், வெளிச்சுவரில் பொருத்தத்தக்க மின்னேற்றப் பெட்டி 54 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலும் அமைகின்றன. நமது வீட்டு மூன்று துளைப் பிளக்கிற்கோ இத்தகைய காப்பு எதுவும் இல்லை. அது உலர்ந்த அறைக்கென்று செய்யப்பட்ட பொருள். அதை மழைச்சாரல் படும் திண்ணையில் பொருத்தி, காரோடு வந்த வடத்தை அதில் செருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பாறை நிலத்தில் நில இணைப்பு

எர்த் என்று வழங்கும் நில இணைப்பே இங்கு முதன்மையான செய்தி. ஃபேஸ் கம்பி பழுதுற்றுக் காரின் உலோக உடலைத் தொட்டுவிட்டால், அம்மின்சாரம் நிலத்திற்குள் பாய்ந்து, பியூஸ் அல்லது எம்.சி.பி. துண்டிக்கப்பட்டுவிடும் என்று நம்பி இருக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கை தளர்கிறது. வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டு அசையாது. கார் உடல் மின்னேற்றம் பெற்ற நிலையிலேயே நிற்கும். டயர்கள் ரப்பரால் ஆனவை. ஆகையால் யாரேனும் தொடும்வரை எந்த அறிகுறியும் தோன்றாது.

தங்கவயலின் நிலம் இதற்கு மேலும் இடர் சேர்ப்பது. தங்கத்தைத் தாங்கியிருந்த கடினமான படலப்பாறையும், அதைச் சூழ்ந்த கருங்கல் பாறையும் பல இடங்களில் மேற்பரப்பை ஒட்டியே உள்ளன. உரிய ஆழத்திற்குக் குழாய் இறக்குவது எளிதன்று. உப்பும் கரியும் இட்டுத் தண்ணீர் ஊற்றிய குழியும் கோடையில் காய்ந்து தடை உயர்ந்துவிடும். நூறு ஓம் தடையுள்ள குழி வழியே பாயக்கூடியது 2.3 ஆம்பியர் மட்டுமே.

நனைந்த மனித உடலின் தடை ஆயிரம் ஓம் அளவிற்கு இறங்கக்கூடும். அப்போது 230 வோல்ட்டைத் தொட்டவர் உடலில் ஏறத்தாழ 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த பொருளைக் கை விட இயலாமல் தசைகள் இறுகிவிடும் என்பதை நோக்கினால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் நிலை விளங்கும். எம்.சி.பி. உயிரைக் காக்கும் கருவி அன்று. அது கம்பியைக் காக்கும் கருவி. இந்த வேறுபாட்டை மின்பணியாளர்கள் கூட எல்லா வேளையும் வலியுறுத்துவதில்லை.

உயிரைக் காப்பது கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று இது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். பாறை நிலத்திற்கு இதனினும் ஏற்ற துணை இல்லை. எர்த் குழியின் தடை ஆயிரம் ஓமாகவே இருந்தாலும், 30 மில்லி ஆம்பியர் கசியும்போது கார் உடலில் எழும் அழுத்தம் 30 வோல்ட்தான். இதனால் எர்த் குழியே வேண்டாம் என்று பொருளில்லை. குறையுள்ள குழியையும் பயனுள்ளதாக்குவது இக்கருவி என்பதே கருத்து.

வாங்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காருக்குள் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. அங்கு பழுது நேர்ந்தால் நேர்மின்னோட்டமும் கசியலாம். விலை குறைந்த 'ஏ.சி.' வகைத் துண்டிப்பானை அது மழுங்கடித்துவிடும். ஆகவே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவை உணரும் அமைப்பு மின்னேற்றப் பெட்டியிலேயே இருந்தால் 'ஏ' வகையும், இல்லையெனில் 'பி' வகையும் பொருத்த வேண்டும். துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று.

அஞ்ச வேண்டிய குறுக்குவழி

காரோடு வரும் மின்னேற்றக் கருவி பல வேளைகளில் வீட்டு எர்த்தைச் சோதித்து, அது சரியில்லை என்றால் இயங்க மறுத்துச் சிவப்பு விளக்கைக் காட்டும். காலையில் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அது எரிச்சலூட்டுவது இயல்பே. அப்போது யாரேனும் ஒருவர் பிளக்கிற்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார். விளக்கு பச்சையாகிறது, கார் மின்னேற்றம் பெறுகிறது, எல்லாரும் மகிழ்கின்றனர். உண்மையில் கருவி கொடுத்த எச்சரிக்கையை வாயடைத்துவிட்டோம். மழைக்காற்றில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டுக் கம்பி வழியாகக் காரின் உடல் முழுவதும் 230 வோல்ட் பெறும். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. அங்கே நியூட்ரல் அறுபடவும் வேண்டியதில்லை. இக்குறுக்குவழியைச் செய்துதரும் பணியாளரை விட, மறுத்துச் செல்பவரே நல்ல பணியாளர்.

மற்றொன்று வெப்பம். தண்ணீர் சூடேற்றி அரை மணி நேரம் ஓடும், கார் 3.3 கிலோவாட் அளவில், அதாவது 14 ஆம்பியருக்கு மேல், எட்டு அல்லது பத்து மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும். பிளக்கின் தொடுமுனையில் ஈரத்தால் துருவேறி அரை ஓம் தடை உண்டானால், அச்சிறு இடத்தில் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் பிறக்கும். வீட்டில் விளக்கு மங்காது. இழப்பு 7 வோல்ட்தான். ஆனால் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். எனவே காருக்கெனத் தனிக் கம்பிப் பாதை, தனி எம்.சி.பி., தனித் துண்டிப்பான் ஆகியவை தேவை. அனுமதிக்கப்பட்ட பளு குறைவாக இருப்பின் மின் விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ள வேண்டும். நீட்டிப்பு வடத்தைத் தெருவில் இழுத்து, இணைப்பின் மீது பாலித்தீன் பை சுற்றுவது எவ்வகையிலும் தீர்வாகாது. பைக்குள் நீராவி குளிர்ந்து ஈரம் தங்கும்.

இங்குதான் தங்கவயலின் பழைய தொழிலாளர் குடியிருப்புகள் ஒரு தனிப் பிரச்சினையை எழுப்புகின்றன. வரிசை வரிசையான அந்த 'லைன்' வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது. வண்டி தெருவில்தான் நிற்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வடம் இழுப்பதை விட, வரிசைக்கு ஒன்றாக மேடை கட்டிய பொது மின்னேற்றக் கம்பம் நிறுவுவதே அறிவுடைமை என்று தோன்றுகிறது. அப்போது எர்த், துண்டிப்பான் ஆகியவற்றின் பராமரிப்பும் ஒருவர் பொறுப்பில் வரும். மின்சார ஸ்கூட்டர்களுக்கும் அது உதவும்.

இடியும் வெள்ளமும்

இடிமின்னல் கடுமையாக இருக்கும்போது மின்னேற்றத்தை நிறுத்தி வைப்பது நலம். மழைக்காக அன்று, கம்பிகளின் வழியே பாயும் அழுத்த எழுச்சி காரின் மின்னேற்றியைக் கெடுத்துவிடும் என்பதற்காக. எழுச்சித் தடுப்பான் பொருத்தியிருந்தால் இந்த இடர் குறையும்.

நீர் தேங்குவது வேறு வகை. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் அடுக்குமாடிகளின் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்து கார்கள் மூழ்கியதைக் கண்டோம். பெட்டியையும் பிளக்கையும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வைப்பது முன்னெச்சரிக்கை. தண்ணீர் ஏறிய பின் அதில் இறங்கி வடத்தைக் கழற்றச் செல்லக் கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று முதன்மைச் சுவிட்சை நிறுத்த வேண்டும். மூழ்கிய காரைப் பணிமனையில் சோதிக்காமல் மீண்டும் மின்னேற்றக் கூடாது. உட்புகுந்த நீரால் மின்கல அடுக்கு சில நாள் கழித்தும் தீப்பற்றலாம். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய சில கார்கள் இவ்வாறு எரிந்தன.

எர்த் தடையை அளப்பதற்கு ஏற்ற காலம் மழைக்காலம் அன்று. ஈரமண்ணில் எந்தக் குழியும் நல்ல அளவே காட்டும். ஏப்ரல் அல்லது மே மாதத்தில், நிலம் நன்கு காய்ந்திருக்கும்போது அளந்து குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.