பெயர்ச் சண்டையும் பொது வைத்தியமும்

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி டில்லி சுப்ரீம் கோர்ட்டில் தமிழ் நாட்டு வழக்கொன்று முடிவடைந்தது. அது நிலத்தைப் பற்றியதன்று, நீரைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது. ஊர்தோறும் நடத்தும் வைத்தியப் பரிசோதனை முகாம்களுக்குத் தமிழ் நாட்டுச் சர்க்கார் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ என்று பெயரிட்டனர். ஜனங்களின் மனுக்களை வாங்கும் முகாம்களுக்கு ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முன்னமே பெயரிட்டிருந்தனர். பொதுப் பணத்தில் நடைபெறும் காரியத்துக்கு உயிரோடிருக்கும் தலைவரின் பெயர் கூடாதென்று அ. தி. மு. கழகத்தைச் சேர்ந்த ராஜ்ய சபை அங்கத்தினர் ஸ்ரீ சி. வி. சண்முகம் சென்னை ஹைக்கோர்ட்டில் மனுச் செய்தார். ஜூலை 31-ந் தேதி ஹைக்கோர்ட்டார் இடைக்காலத் தடை விதித்தனர். ஒரு வாரத்துக்குள் சுப்ரீம் கோர்ட்டார் அத்தடையை நீக்கியதோடு, மனுதாரர் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமென்றும் உத்தரவிட்டனர். எல்லாக் கட்சியாரும் தத்தம் தலைவர் பெயரைத் திட்டங்களுக்குச் சூட்டியிருக்க, ஒரு கட்சியின் திட்டத்தை மாத்திரம் பொறுக்கியெடுத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது ஏன் என்பதே நீதிபதிகள் எழுப்பிய கேள்வி.

ஸ்ரீ சண்முகம் திண்டிவனத்துக்காரர். 2001 முதல் திண்டிவனம் தொகுதிக்கும், 2011 முதல் விழுப்புரம் தொகுதிக்கும் சட்டசபையில் பிரதிநிதியாயிருந்தவர். மந்திரி பதவியும் வகித்தவர். அவருடைய கட்சியார் ஆண்ட காலத்தில் உணவகத்துக்கு ‘அம்மா’, மருந்தகத்துக்கு ‘அம்மா’, பச்சைக் குழந்தைக்குக் கொடுத்த பெட்டகத்துக்கும் ‘அம்மா’. தன் முதுகு தனக்குத் தெரியாது என்னும் பழமொழி இரு கழகங்களுக்கும் ஒருங்கே பொருந்தும். எனினும் அவர் எழுப்பிய வினா வீண் வினா என்று நாம் கருதவில்லை. கேட்டவர் யார் என்பதனால் கேள்வியின் நியாயம் குறைந்துவிடாது. கோர்ட்டில் தோற்ற அக்கேள்வியை ஜனங்களின் மன்றத்தில் மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், பெயர்ச் சண்டையின் நஷ்டத்தைத் தலைவர்கள் அடைவதில்லை, நோயாளிகள் அடைகிறார்கள்.

இந்த நஷ்டத்தை அறிய நமது ஜில்லாவைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. 1993-ம் வருஷம் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் ஜில்லா, செஞ்சி மலைகள் முதல் மரக்காணத்து உப்பளம் வரை பரவிக் கிடப்பது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தின் வழியாகவும் விழுப்புரத்தின் வழியாகவும் போகிறது. சாலை விபத்துக்களும் அவ்வழியே வருகின்றன. 2010-ம் வருஷத்தில் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்படும் வரையில், கடும் பிணியுற்றவரைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் புதுச்சேரி ஜிப்மருக்கோ, செங்கற்பட்டுக்கோ, சென்னைக்கோ ஓடினார்கள். கல்லூரி அமைந்தபோது ஆண்டது தி. மு. கழகம். விழுப்புரத்தின் பிரதிநிதியாயிருந்தவர் அக்கழகத்தின் மந்திரி ஸ்ரீ பொன்முடி. மறு வருஷமே அவரைத் தோற்கடித்து அத்தொகுதியைக் கைப்பற்றியவர் ஸ்ரீ சண்முகம். நல்ல காலம், கல்லூரிக்கு ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். ஆட்சி மாறிற்று, கல்லூரி மாறவில்லை.

அமெரிக்காவில் நடக்கும் கட்சிப் போரைப் பற்றி நேயர்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பார்கள். அங்கே இரு பெருங் கட்சிகளும் மூன்று விஷயங்களில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கின்றன: சர்க்கார் எவ்வளவு செலவழிக்கலாம், குடிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள எவ்வளவு உரிமை, வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்பது முறையா என்பன அவை. 2010-ம் வருஷம் ஒபாமா கொண்டுவந்த வைத்தியச் சட்டத்துக்கு எதிர்க் கட்சியினரில் ஒருவர்கூட வோட்டளிக்கவில்லை. 2013-ல் அச்சட்டத்தை முன்னிட்டு மூண்ட சண்டையால் சர்க்கார் காரியாலயங்களே 16 நாட்கள் மூடிக் கிடந்தன. 2025-ல் வைத்தியக் காப்பீட்டுக்குரிய உதவித் தொகையைக் குறித்து மீண்டும் பிணங்கி 43 நாட்கள் மூடினார்கள். அது மூர்க்கமான சண்டைதான். ஆனால் கொள்கைச் சண்டை. சர்க்கார் ஏழைக்கு வைத்தியம் செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றிய சண்டை.

துப்பாக்கியைப் பற்றி நம்மவரும் ஒரு காலத்தில் வாதாடியதுண்டு. 1930-ம் வருஷம் ஜனவரியில் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் அதுவும் அடங்கியிருந்தது. ராணுவச் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், பூரண மதுவிலக்கு வேண்டும், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்று அவர் கேட்டார். மறு வருஷம் கராச்சிக் காங்கிரஸும் ஆயுதம் வைத்துக்கொள்வதைக் குடிகளின் உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. பிற்பாடு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் அவ்வுரிமையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். டாக்டர் அம்பேத்கர் மறுத்தார்; சபை கைவிட்டது. அத்துடன் அந்த வாதம் ஓய்ந்தது. 2019-ல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் தொகையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, திண்டிவனம் கடைத்தெருவில் யாரும் உரத்துப் பேசக் கேட்டோமில்லை.

நிற்க. நமது நாட்டுக் கட்சிகளிடையே வைத்தியச் செலவைப் பற்றிக் கொள்கை வேற்றுமை யாதொன்றுமில்லை. இரு கழகங்களும் செலவழிக்க வேண்டும் என்பவையே. 2009-ல் தி. மு. கழக சர்க்கார் ‘கலைஞர்’ பெயரால் காப்பீட்டுத் திட்டம் கண்டனர். 2012-ல் அ. தி. மு. கழக சர்க்கார் அதை எடுத்துவிட்டு ‘முதலமைச்சரின் விரிவான’ திட்டம் என்று வேறொன்று கண்டனர். 2018-ல் மத்திய சர்க்காரின் ‘ஆயுஷ்மான் பாரத்’ வந்து அதனுடன் கலந்தது. கொள்கை ஒன்று, அட்டை மூன்று. சண்டையெல்லாம் அட்டையின்மேல் எவர் முகம் என்பதே. கொள்கைச் சண்டையைக் காட்டிலும் இது அற்பமானது. ஆயினும் தீங்கில் குறைந்ததன்று என்பதற்குச் சில திருஷ்டாந்தங்கள் கூறுவோம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ ராமசாமி ரெட்டியார். நாடு சுதந்திரம் பெற்ற நாளில் அப்பதவியிலிருந்தவர் அவரே. ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும், ஜமீன்தாரி ஒழிப்பும் அவர் மந்திரிசபையின் காரியங்கள். சட்டசபை அங்கத்தினரின் சிபாரிசுக்கு வளையாதவர் என்று பெயர் பெற்ற அப்பெரியாரை வீழ்த்தியவர்கள் எதிர்க் கட்சியாரல்லர்; சொந்தக் கட்சியாரே. அவர் பெயரை வகிப்பது சென்னை மவுண்ட் ரோட்டருகேயுள்ள ஓமந்தூரார் அரசினர் தோட்டம். அங்கே தி. மு. கழக சர்க்கார் புதிய சட்டசபை மாளிகையொன்று எழுப்பினர். 2010 மார்ச்சு 13-ந் தேதி பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். அவ்வாரத்திலேயே வரவு செலவுக் கூட்டமும் அங்கு நடந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியதும் புதிய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அம்மாளிகையில் காலடி வைக்காமல் பழைய ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பினார். மாளிகையை ஆஸ்பத்திரியாக்கப் போவதாக அவ்வருஷமே அறிவித்தார். வழக்குகள் நடந்தன. சட்டசபையாகவும் இல்லாமல் ஆஸ்பத்திரியாகவும் இல்லாமல் அது நின்றது. 2014 பிப்ரவரியில்தான் பல்நோக்கு உயர் சிகிச்சை ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான். திண்டிவனத்திலிருந்து இருதய நோயோடு போகிறவருக்கு அக்கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பற்றி என்ன கவலை? ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்குக் கவலை உண்டு. சபை கூடுவதற்கென்று வகுத்த மண்டபங்களை நோயாளிக்கு ஏற்றவாறு பிரித்தமைக்க ஒரு செலவு. ஆஸ்பத்திரி என்றே முதலில் கட்டியிருந்தால் அது வேண்டியதில்லை. கட்டியவர் கர்வத்துக்கு ஒரு பங்கு, வந்தவர் கோபத்துக்கு ஒரு பங்கு. இரண்டையும் கொடுத்தவன் வரி செலுத்திய ஏழை. செலவுக்கு அஞ்சி ஆண்ட ஓமந்தூராரின் தோட்டத்தில் இது நடந்தது என்பதை எண்ணும்போது சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. 2021-ல் மீண்டும் பதவிக்கு வந்த தி. மு. கழகத்தார் அந்த ஆஸ்பத்திரியைக் கலைக்கவில்லை. கிண்டியில் வேறோர் ஆஸ்பத்திரியைக் கட்டிக் ‘கலைஞர் நூற்றாண்டு’ப் பெயரோடு 2023 ஜூனில் திறந்தனர். முன்னவர் செய்ததைக் கலைக்காமல் விட்டமைக்காக அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் எல்லாவற்றையும் அவ்வாறு விட்டுவிட்டார்களா? 2020 டிசம்பரில் அ. தி. மு. கழக சர்க்கார் ‘அம்மா மினி கிளினிக்’ என்ற பெயரால் ஈராயிரம் சிறு வைத்தியசாலைகள் அமைப்பதாகத் தொடங்கினர். 2022 ஜனவரியில் அவை முடிவுற்றனவென்று புதிய மந்திரி அறிவித்தார். அது ஒரு வருஷத்துக்கென்றே ஏற்பட்ட தற்காலிகத் திட்டம், தாதிகள் நியமிக்கப்படவில்லை என்றார் மந்திரி. பெயரே குற்றமாயிற்று என்றனர் எதிர்க் கட்சியார். தேர்தலை அண்டித் தாதியில்லாமல் திறந்தது தவறு என்பது மெய். எனினும் குறையிருந்தால் தாதியை நியமிப்பதன்றோ முறை? 2023 ஜூனில் அதே சர்க்கார் நகர்ப்புறங்களில் 500 நலவாழ்வு மையங்களைத் திறந்தனர். தெரு முனையில் சிறு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிழையாகவில்லை. பெயர்ப் பலகைதான் வேறு.

விழுப்புரத்துக்கென்று ஏற்பட்ட டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்தின் கதையும் இதுவே. 2021 தொடக்கத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் வேறொரு சட்டத்தால் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இயற்றிய மந்திரிசபையில் சட்ட மந்திரி ஸ்ரீ சண்முகம். இணைத்த மந்திரிசபையில் உயர் கல்வி மந்திரி ஸ்ரீ பொன்முடி. இருவரும் விழுப்புரத்தின் வோட்டைப் பெற்று உயர்ந்தவர்கள். இடையில் விழுப்புரம் பெற்றது என்ன?

இனி மறு பக்கத்தையும் பார்ப்போம். பேறுகால உதவித் திட்டம் 1987 முதல் நடைபெற்று வருவது. அதன் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னைச் சட்டசபையின் முதற் பெண் அங்கத்தினர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடுத்த போராட்டத்துக்கு முடிவான சட்டம் 1947-ல் ஓமந்தூராரின் மந்திரிசபையில்தான் நிறைவேறிற்று. அந்த அம்மையார் எந்தக் கழகத்துக்கும் சொந்தமல்லர். ஆகையால் 2006-ல் தி. மு. கழகம் அத்தொகையை 6,000 ரூபாயாக்கிற்று, 2011-ல் அ. தி. மு. கழகம் 12,000 ஆக்கிற்று; 2018-ல் 18,000 ஆயிற்று. ஒருவர் வைத்ததன்மேல் மற்றவர் வைத்தார். மருந்து வாங்கும் தமிழ் நாடு மருத்துவப் பணிக் கழகம் மற்றோர் உதாரணம். 1994-ல் செல்வி ஜெயலலிதாவின் ஆட்சியில் அமைந்த அது, பின்னர் எத்தனையோ மந்திரிசபைகளைக் கண்டுவிட்டது. அதன் மருந்து மூட்டையில் யார் முகமும் இல்லை. 2021 டிசம்பரில் திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கிய விபத்து வைத்தியத் திட்டத்துக்கும் தலைவர் பெயரில்லை. சாலையில் அடிபட்டவர் எவ்வூராராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது அது. எக்கட்சி வந்தாலும் அத்திட்டம் நிலைக்கும் என்பது நமது எண்ணம்.

பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இரு கழகங்களும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்றுண்டு. பணம் எங்கிருந்து வருகிறது? 1937-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சேலத்தில் மதுவிலக்கு ஆரம்பித்தபோது சாராய வருமானம் போயிற்றே என்று கேட்டார்கள். 1939-ல் விற்பனை வரி போட்டு விடை சொன்னார். ஓமந்தூரார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ந் தேதி, ராஜதானி முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. 1971-ல் தி. மு. கழக சர்க்கார் அதைத் தளர்த்தினர். 2003-ல் அ. தி. மு. கழக சர்க்கார் சில்லறை மதுக்கடைகளையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர். இதில் மட்டும் பரிபூரண ஒற்றுமை! 2023-24-ல் மதுவினால் சர்க்கார் பெற்றது 45,855 கோடி ரூபாய்; அவ்வருஷ வரவு செலவுத் திட்டத்தில் வைத்தியத்துக்கு ஒதுக்கியது 18,661 கோடி. ஒரு கையால் இரண்டரைப் பங்கு வாங்கி மறு கையால் ஒரு பங்கு கொடுப்பதைத் தர்மம் என்று சொல்லுவதெப்படி?

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியர்குப்பத்தில் மீனவர்கள் விஷச் சாராயம் குடித்து மாண்டார்கள். செங்கற்பட்டு ஜில்லாவிலும் சேர்ந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பிழைத்தவர்கள் கிடந்தது முண்டியம்பாக்கத்தில். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர் இறந்தபோதும் நோயாளிகள் அங்கு கொண்டுவரப்பட்டனர். மாண்டவர் குடும்பத்துக்குச் சர்க்கார் 10 லட்சம் கொடுத்ததைக் குறித்துக் கட்சிகள் சில நாட்கள் வாதாடின. கள்ளச் சாராயத்தைத் தடுக்கவே சர்க்கார் கடை என்று சொல்லிக் கடை நடத்தியவர்கள், கடைகள் இருக்கவே கள்ளச் சாராயம் எப்படி வந்தது என்பதற்கு நேரான விடை சொல்லவில்லை. கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்பாருடைய அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1948-க்குப் பின் அது பெருகியதும் உண்மையே. ஆனால் அந்த விவாதமாவது கொள்கை விவாதம். அதைச் சட்டசபையில் நடத்தட்டும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கட்சி வேலை செய்யும் அன்பர்கள், எக்கட்சியினராயினும், தம் அபேட்சகர்களிடம் கேட்கக்கூடியது ஒன்றிருக்கிறது. முண்டியம்பாக்கத்திலும் திண்டிவனம் ஆஸ்பத்திரியிலும் மஞ்சூரான வைத்தியர், தாதிப் பதவிகளில் எத்தனை காலியாயிருக்கின்றன, எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்று முதலில் கேட்கட்டும். முந்திய சர்க்கார் வைத்த திட்டத்தை நிறுத்துவதானால், அதே கிராமத்தில் அதே நாளில் அதற்குப் பதிலாக எது திறக்கப்படும் என்றும் கேட்கட்டும். ஜில்லா மதுக்கடைகளின் வருமானத்தையும் ஜில்லா ஆஸ்பத்திரிகளின் செலவையும் ஒரே தாளில் அச்சிட்டு வெளியிடச் சம்மதமா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். விடையை வாய்மொழியாக வாங்காமல், தேர்தலுக்கு முன்பே கையெழுத்துடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.